பறையும் சிறுபேரும்: சமயமொழியின் குறியீட்டியல்பு பற்றிச் சில எண்ணங்கள்

தில்லியின் மார்கழிக் குளிரில், கம்பளிச் சட்டையும் காதை மூடிய துணியுமாகச் சிறுவர் சிறுமியர் வந்தமர்ந்து திருப்பாவை பயிலும் வகுப்புகள் நம் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் நடைபெற்று வருகின்றன. அத்தகைய வகுப்பொன்றில், மாதத்தின் கடைசி நாள்களில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கேட்ட வினாவே இக்கட்டுரைக்கு வித்து. 29-ஆம் பாடலின் பொருளைச் சொல்லி முடித்த ஆசிரியையை நோக்கி அவள், “மாமி, கடைசியில் பறை வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறார்கள் என்றால், முதல் நாளிலிருந்து பறை, பறை என்று ஏன் கேட்டார்கள்?” என்றாள்.

அங்கிருந்தோரில் மூவர் மூன்று விடை கூறினர். ஒருவர், பாவை நோன்புக்குப் பறை முழக்குவது வழக்கம், அதனால் கேட்டார்கள் என்று முடித்துவிட்டார். மற்றொருவர், பறை என்பது பறையன்று, வீடுபேற்றைக் குறிப்பது, ‘பறை என்றால் மோட்சம்’ என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள் என்றார். பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவரோ பறையொலியின் அதிர்வுகளைப் பற்றியும் அவை நரம்புகளுக்கு ஊட்டும் நன்மையைப் பற்றியும் சிறிது நேரம் பேசினார். சிறுமி மூன்றையும் பொறுமையாகக் கேட்டாள். இரண்டாவது விடையை எழுதியும் கொண்டாள். ஆயினும் அவள் முகத்தில் தெளிவு பிறந்ததாகத் தெரியவில்லை. உள்ளதைச் சொன்னால், நமக்கும் பிறக்கவில்லை.

இம்மூன்று விடைகளும் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும் உரியவையல்ல. சமயமொழியைப் பற்றி நம் வீடுகளில் நடைபெறும் பேச்சு முழுவதும் பெரும்பாலும் இம்மூன்றனுள் அடங்கிவிடும். பாடலில் வருவதை நடந்த செய்தியாகவே கொள்வது ஒன்று. சொல்லை உரித்துத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு, உரித்த தோலை எறிந்துவிடுவது மற்றொன்று. அறிவியலிடம் சான்றிதழ் வாங்கிவந்து நீட்டுவது மூன்றாவது. மூன்றும் பாட்டை விட்டு விலகியே நிற்கின்றன என்பது நம் கருத்து. இதனை நிறுவ வெளியிலிருந்து கோட்பாடு எதனையும் தேடிக் கொணர வேண்டியதில்லை. சிறுமி சுட்டிய பாடலையும் அதன் முன்பின் பாடல்களையும் ஊன்றிப் படித்தாலே போதும்.

திருப்பாவையின் முப்பது பாடல்களில் பறை என்னும் சொல் பத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் வருகிறது. முதற்பாடலிலேயே, நாராயணனே நமக்குப் பறை தருவான் என்னும் உறுதி வெளிப்படுகிறது. அது எத்தகைய பறை, எதற்கு என்னும் விளக்கம் அங்கு இல்லை. நோன்புக்கு வேண்டிய ஒன்று என்ற அளவில் கேட்போர் கொண்டுசெல்லலாம். 8, 10 ஆகிய பாடல்களில் உறங்கும் தோழியரை எழுப்பும்போது அப்பறையே ஆசை காட்டும் பொருளாகிறது. 16-ஆம் பாடலில் நந்தகோபன் மாளிகையின் வாயிற்காவலனிடம், பறை தருவதாக மாயன் நேற்றே வாக்களித்துவிட்டான், கதவைத் திற என்கின்றனர். வாக்கொன்று இருக்கிறது என்பதைக் காட்டி உள்ளே நுழைகிறார்கள். இங்குப் பறை ஒரு நுழைவுச் சீட்டைப் போல் ஆகிவிடுகிறது.

இதன்பின் நடப்பது கூர்ந்து நோக்கத்தக்கது. 24-ஆம் பாடல் முதல் 30-ஆம் பாடல் வரை ஏழு பாடல்களிலும் இச்சொல் ஒன்றுவிடாமல் வருகிறது. ஒவ்வொன்றிலும் அதன் நிறை மாறுகிறது. 26-ஆம் பாடலில் அது ஐயத்திற்கு இடமின்றித் தோற்கருவியே. சங்கு, பல்லாண்டு இசைப்போர், விளக்கு, கொடி, மேற்கட்டி ஆகியவற்றோடு ஒரு பட்டியலில் பெரிய பறையும் கேட்கப்படுகிறது. திருவிழாவிற்குப் பொருள் சேர்ப்பவர் எழுதும் பட்டியலைப் போன்றே அது இருக்கிறது. 27-ஆம் பாடலில் பறையைப் பெற்றபின் கிடைக்கும் சிறப்புகள் பேசப்படுகின்றன: கைவளை, தோள்வளை, தோடு, புத்தாடை, முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோறு. இவ்வளவு கண்ணுக்கும் நாவுக்கும் உரிய பொருள்களைக் கூறிய பின்னர், 29-ஆம் பாடலில், நாங்கள் வந்தது அந்தப் பறைக்காக அன்று, ஏழேழ் பிறவிக்கும் உன்னோடு உறவும் உனக்கே ஆட்செய்தலும் வேண்டியே வந்தோம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் இரண்டாவது விடையே வென்றதாகும். பறை வெறும் சாக்கு. உண்மைப் பொருள் கைங்கரியம். உண்மைப் பொருள் வெளிப்பட்டபின் சாக்கு எதற்கு எனலாம். ஆனால் ஆண்டாள் இங்கு நிறுத்தவில்லை. 30-ஆம் பாடல் ஆயர்சிறுமியின் குரலில் அமைந்ததன்று. வில்லிபுத்தூர்க் கோதை தன் பெயரைக் கூறித் தன் குரலில் பேசும் முடிப்பு. அங்கே அவள், மாதவனிடம் சென்று இரந்தவர்கள் அந்தப் பறையைப் பெற்ற வரலாறு என்றே இத்தமிழ் மாலையைக் குறிப்பிடுகிறாள். முந்திய பாடலில்தான் பறைக்காக வரவில்லை என்றாயிற்றே! உறவு பெற்ற வரலாறு என்றோ ஆட்செய்யும் பேறு பெற்ற வரலாறு என்றோ சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுத்த சொல்லையே மீண்டும் எடுத்துக்கொள்கிறாள். ‘அந்த’ என்னும் சுட்டு ஒன்றே சேர்ந்திருக்கிறது. 29 பாடல்களைக் கடந்து வந்தவர்க்கு அச்சுட்டு எதைச் சுட்டுகிறது என்பது புரியும். கடந்து வராதவர்க்கு அது வெறும் பறைதான்.

குறியீடு என்று நாம் இன்று வழங்கும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. போக்குவரத்து விளக்கின் சிவப்பு நிறுத்தத்தைக் காட்டுகிறது. நாளையே எல்லோரும் கூடி நீலத்தை அதற்கென வகுத்துக்கொண்டால் சிவப்புக்கு இழப்பேதும் இல்லை. அது அடையாளம். பறையோ அப்படிப்பட்டதன்று. அது காட்டும் பொருளை அதை விட்டு வேறாகப் பிரித்தெடுத்து வைக்க இயலவில்லை. விடியலில் கூடி எழுதல், ஒருத்தியை ஒருத்தி ஏசி எழுப்புதல், வாயில்தோறும் நின்று வேண்டுதல், கிடைக்கப்போகும் நெய்ச்சோற்றின் நினைவு ஆகிய அனைத்தையும் அச்சொல் தன்னோடு சுமந்துகொண்டு 30-ஆம் பாடலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மோட்சம் என்று பெயர்த்தெழுதினால் இத்தனையும் உதிர்ந்துவிடும்.

28-ஆம் பாடலிலும் சிறிது நிற்க வேண்டும். சமயமொழியைப் பற்றித் தமிழில் கூறப்பட்டவற்றுள் மிக நுட்பமான ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதனை ஒரு கோட்பாடாக எவரும் பெரிதாக எடுத்துப் பேசியதாக நமக்கு நினைவில்லை. பசுக்களின் பின்னே காட்டுக்குச் சென்று உண்ணும் அறிவில்லாக் குலத்தவர் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அச்சிறுமியர், அறியாப் பிள்ளைகளாகிய நாங்கள் அன்பினால் உன்னைச் சிறுபேரிட்டு அழைத்துவிட்டோம், அதற்காகச் சினந்துகொள்ளாதே என்று வேண்டுகின்றனர். இறைவனுக்கு இடும் பேரெல்லாம் சிறுபேரே. ஆயினும் பேரிடாமல் இருக்க அன்பு விடுவதில்லை. பெயர் போதாது என்னும் அறிவும், பெயர் இன்றியமையாதது என்னும் உணர்வும் ஒரே மூச்சில் இங்கு வெளிப்படுகின்றன.

அந்தச் சிறுபேர் யாது? உரைமரபில் இதற்கு வியப்பான விளக்கம் ஒன்று உண்டு. முதற்பாடலில் நாராயணன் என்று அழைத்தார்களே, அதுதான் சிறுபேராம்! கோவிந்தன் என்னும் பெயரே அவன் உகப்பதாம். உலகனைத்தையும் தன்னுள் அடக்கிய பரம்பொருளைச் சுட்டும் பெயர் சிறிது; மாடு மேய்த்தவன் என்னும் பெயர் பெரிது. தத்துவம் மேலானது, உருவகம் கீழானது என்று நினைத்துப் பழகிய நமக்கு இவ்வுரை ஒரு குட்டு வைக்கிறது. ‘பறை என்றால் மோட்சம்’ என்று எழுதச் சொன்ன அன்பர் தம்மை உரையாசிரியர்களின் வழிவந்தவராகவே எண்ணியிருப்பார். ஆனால் உரையாசிரியர்கள் இவ்விடத்தில் அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்கின்றனர்.

இதற்கெல்லாம் அடிநிலம் நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை வகுக்கும்போது தெய்வத்தை முதலில் வைத்து, உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் அதே வரிசையில் வைக்கிறது. பின்னர் உள்ளுறை உவமத்தைப் பற்றிக் கூறுமிடத்தில், தெய்வம் ஒன்று நீங்கலாக ஏனைய கருப்பொருள்களை இடமாகக் கொண்டே உள்ளுறை தோன்றும் என வரையறுக்கிறது. வாளை மீனும் நாரையும் புன்னையும் தலைவனைப் பற்றி மறைவாகப் பேசலாம். தெய்வம் அவ்வாறு இன்னொன்றைக் குறிக்கும் கருவியாகக் கூடாது. ஆண்டாளின் பாட்டு நிகழ்வது ஆயர்பாடியில், அதாவது மாயோனுக்குரிய முல்லை நிலத்தில். ஏறுகோட்பறை அந்நிலத்திற்கு உரிய கருப்பொருள் என்பர். கருவியாகக் கூடாத தெய்வம் இப்பாட்டில் இலக்காகிவிட, கருவியாகத் தக்க பறை கருவியாக நிற்கிறது. பழைய இலக்கணத்தின் விலக்கு மீறப்படவில்லை. அது நிறைவெய்தியிருக்கிறது என்று கூடச் சொல்லத் தோன்றுகிறது. இது நம் துணிபே. புலவர் பெருமக்கள் மறுத்தால் கேட்டுக்கொள்வோம்.

இடைப்பிறவரலாக ஒன்று. பறை என்பதற்குச் சொல் என்னும் பொருளும் தமிழில் உண்டு. பறைதல் என்றால் சொல்லுதல். நம் அண்டை வீட்டு மலையாள அன்பர்கள் இன்றும் நாள்தோறும் அச்சொல்லைப் பேச்சில் வழங்குவதைத் தில்லியில் எவரும் கேட்கலாம். பறை வேண்டி வந்தவர்கள் சொல் வேண்டி வந்தவர்கள் என்று ஆண்டாள் கருதினாள் எனச் சாதிக்க நாம் முற்படவில்லை. அப்படிச் சாதிப்பதும் இன்னொரு வகை உரித்தலே. ஆனால் காதில் விழுந்த ஒலியை விழாததுபோல் இருந்துவிடவும் முடியவில்லை.

உரையாசிரியர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். 13-ஆம் நூற்றாண்டினரான பெரியவாச்சான் பிள்ளையின் மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆறாயிரப்படியும் திருப்பாவைக்கு அமைந்த பேருரைகள். இப்பெரியோர்கள் பாட்டைத் தத்துவமாக உருக்கிவிட்டனர் என்னும் குறை நவீனத் திறனாய்வாளர் சிலரால் கூறப்படுகிறது. இதில் ஒரு பாதியே உண்மை. 5-ஆம் பாடலில் ஆண்டாள் யமுனையைத் தூயது என்று போற்றுகிறாள். எதனால் தூயது? நீர் தெளிந்திருப்பதால் என்று உரை கூறவில்லை. சீதையைக் கண்டாயோ என இராமன் கேட்டபோது இராவணனுக்கு அஞ்சி வாய்திறவாதிருந்தது கோதாவரி. கம்சனின் மாளிகை நிழலிலேயே ஓடியபோதும், குழந்தையைச் சுமந்துவந்த வசுதேவனுக்கு வழிவிட்டு வற்றிக் கொடுத்தது யமுனை. ஆதலின் அது தூயது என்கிறது உரை. இது தத்துவம் என்று சொல்லத்தக்கதன்று. ஆறு ஆறாகவே இருக்கிறது. தூய்மை என்பது நீரின் குணமாயிராமல், அச்சத்திற்கு நடுவே ஒரு சிறு உயிருக்குச் செய்த உதவியின் குணமாகிவிட்டது. உரித்தெறிதலுக்கும் உட்புகுந்து காணுதலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தில்லிவாழ் தமிழர்க்கு இந்த ஆறு வெறும் பாட்டில் வரும் ஆறன்று. வில்லிபுத்தூரில் இருந்த கோதை, தான் காணாத ஆயர்பாடியைத் தன் ஊராகவும், தன் தோழியரை ஆய்ச்சியராகவும், வடபெருங்கோயிலை நந்தகோபன் மாளிகையாகவும் பாவித்துக்கொண்டாள் என்று மரபு கூறும். நம் நிலை தலைகீழானது. யமுனை நம் நகரத்தின் நடுவே ஓடுகிறது; மதுரா ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது; விடுமுறை நாளில் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். ஆயினும் இங்கே அமர்ந்து திருப்பாவை பாடும் நம் மனம் செல்வதோ வில்லிபுத்தூர்க் கோபுரத்திற்கு. அவள் அங்கிருந்து இவ்வூரைப் பாவித்தாள். நாம் அவள் பாவித்த ஊருக்கு அருகிலிருந்து அவளுடைய ஊரைப் பாவிக்கிறோம். இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மீது முருகனுக்குக் கோயில் எடுத்து அதனை உத்தர சுவாமிமலை என்று அழைப்பதும் இத்தகைய பாவனையே. அக்குன்று சோழநாட்டுச் சுவாமிமலை அன்று என்பது அங்கு வணங்கும் எவருக்கும் தெரியாததன்று.

அந்தத் தூய யமுனை இன்று எவ்வாறிருக்கிறது என்பதையும் நம் குழந்தைகள் அறிவார்கள். வசீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கிலோமீட்டரில்தான் அவ்வாற்றின் மாசில் பெரும்பங்கு கலக்கிறது. தீபாவளியை அடுத்த நாள்களில் காளிந்தி குஞ்ச் அருகே நீர்மேல் வெண்ணுரை மலைபோல் திரண்டு மிதப்பதைச் செய்தித்தாள்களில் படமாகக் காண்கிறோம். பள்ளிப் பேருந்தில் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் சிறுவனிடம், இது பாட்டில் தூயது என்று சொல்லப்பட்ட ஆறு என்றால், அவன் பாட்டைப் பொய் என்பான். பாட்டிலுள்ள யமுனை வேறு, அது ஞானத்தைக் குறிக்கும் ஆறு என்று நாம் மழுப்பினால், எதிரே ஓடும் ஆற்றுக்கும் பாட்டுக்கும் உள்ள தொடர்பு அற்றுவிடும்; ஆற்றைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதும் இல்லாமற் போகும். உரையாசிரியர் காட்டிய வழியில், ஒரு குழந்தைக்கு வழிவிட்ட ஆறு இது என்று சொல்லிப் பார்க்கலாம். பாட்டும் பொய்யாகாது, இன்றைய ஆற்றின் கோலமும் மறைக்கப்படாது. அவ்வாற்றுக்கு நாம் என்ன செய்தோம் என்னும் வினாவும் தானே எழும்.

உரைமரபில் நமக்கு உடன்பாடில்லாத பகுதியும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 6 முதல் 15 வரையுள்ள பத்துப் பாடல்களில் எழுப்பப்படும் பத்துப் பெண்களும் பத்து ஆழ்வார்களே என்றும், இன்ன பாட்டு இன்ன ஆழ்வாரைக் குறிக்கும் என்றும் பொருத்திக் காட்டும் வழக்கு இருக்கிறது. உபந்நியாசங்களில் இப்பகுதிக்கு மிகுந்த வரவேற்பு. ஆனால் இப்பொருத்தம் கையில் கிடைத்தவுடன், படுக்கையை விட்டு எழாமல் வாயால் மட்டும் மறுமொழி கூறும் அந்தப் பெண்ணும், செவிடியோ ஊமையோ என்று வெளியே நிற்பவர்கள் வைது கேட்கும் குறும்பும், தலையில் பனி விழ வாசற்படியைப் பற்றி நிற்கும் துன்பமும் நம் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன. தில்லிக் குழந்தைகளுக்கு அந்தப் பனியைப் பற்றி ஒருவரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அதில் நனைந்துதான் வகுப்புக்கு வருகிறார்கள்.

சைவத்திலும் இந்நிலை வேறாக இல்லை. மாணிக்கவாசகரின் திருக்கோவையார் நானூறு பாடல்களால் அமைந்த அகப்பொருட்கோவை. பேராசிரியர் அதற்கு அகத்துறை வழிநின்றே உரை கண்டார். பின்வந்தோர் தலைவனை உயிராகவும் தலைவியைச் சிவமாகவும் கொண்டு உட்பொருள் வகுத்தனர். வைணவத்தில் நாயகி நிலையில் நிற்பது உயிர்; இங்கோ நாயகி நிலையில் நிற்பது இறை. உவமை ஒரே நிலையில் நில்லாமல் தலைமாறும் என்பதற்கு இதுவே சான்று. அந்நூலைப் பற்றிய பழம்பாட்டொன்று, அந்தணர் அதை வேதம் என்பர், யோகியர் ஆகமம் என்பர், காமுகர் காமநூல் என்பர், தருக்கவாணர் தருக்கம் என்பர், புலவர் இலக்கணம் என்பர் எனப் பட்டியலிடுகிறது. நகைச்சுவையாகவே பலரும் அதைச் சொல்கின்றனர். ஆனால் அப்பாட்டு எவரையும் தவறென்று தள்ளவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

தில்லைக்கூத்தனின் திருவுருவத்திற்குப் பொருள் கூறும் உண்மை விளக்கம் மெய்கண்ட நூல்கள் பதினான்கனுள் ஒன்று. துடியில் படைத்தல், அமைத்த கையில் காத்தல், நெருப்பில் அழித்தல், ஊன்றிய தாளில் மறைத்தல், தூக்கிய தாளில் அருளல் என ஐந்தொழிலையும் அது அமைத்துக் காட்டுகிறது. ஆனந்த குமாரசாமி 1918-இல் வெளியிட்ட சிவ நடனம் பற்றிய நூலின் வாயிலாக இவ்விளக்கம் உலகெங்கும் பரவிற்று. இன்று நடராசர் திருவுருவம் வைத்த கடைகளிலெல்லாம் இப்பட்டியல் ஒரு சீட்டில் அச்சாகிக் கிடைக்கிறது. மூலநூலில் அது பட்டியலாக இல்லை. மனவாசகம் கடந்தார் என்னும் மாணவர், தம் ஆசிரியராகிய மெய்கண்டாரை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் வினாக்களுக்கு விடையாக அது அமைந்திருக்கிறது. கேட்டவர் இருந்தார், கேட்டதனால் விடை இருந்தது. சீட்டில் விடை மட்டும் இருக்கிறது.

மூன்றாவது விடைக்காரராகிய இளைஞருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜாஃப் காப்ரா 1975-இல் எழுதிய நூலில் நடராசரின் ஆடலையும் அணுத்துகள்களின் இயக்கத்தையும் ஒப்பிட்டார். 2004-இல் இந்திய அரசு அளித்த நடராசர் திருவுருவம் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுநிலைய வளாகத்தில் நிறுவப்பட்டது. இவை மகிழத்தக்க செய்திகளே. ஒப்புமை ஒப்புமையாக இருக்கும்வரை அதில் குற்றமில்லை. ஆனால் துகள் இயற்பியல் சொல்வதைத்தான் திருமூலரும் சொன்னார் என்று முடிவு கட்டும்போது, நாளை இயற்பியல் தன் கொள்கையை மாற்றிக்கொண்டால் திருமூலர் என்ன ஆவார் என்பதையும் நினைக்க வேண்டும். தன் கொள்கையை மாற்றிக்கொள்வது இயற்பியலின் பெருமை. அப்பெருமையைச் சுமக்கத் திருமந்திரம் எழுதப்படவில்லை.

இனி, இக்கட்டுரையில் நமக்கே கூச்சம் தரும் ஓரிடத்திற்கு வருகிறோம். பறை தோலால் ஆனது. பழந்தமிழில் அது தோற்கருவிகளுக்குப் பொதுப்பெயராகவும் வழங்கிற்று. பிற்காலத்தில் ஊர்தோறும் அது சாவுக்குரிய கருவியாக ஒதுக்கப்பட்டது. அதனை முழக்கியோர் ஊருக்குப் புறம்பே நிறுத்தப்பட்டனர். பெயர் ஓர் இழிவாக்கப்பட்டது. அதே ஊரில் மார்கழி தோறும் பறை தா என்று இறைவனிடம் இரக்கும் பாட்டும் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. பறை என்றால் மோட்சம், பறை என்றால் புருஷார்த்தம் என்று உரை கூறியவர்களின் நோக்கம் உயர்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பெயர்ப்பு, கேட்டவர்களுக்கு ஒரு வசதியையும் செய்து கொடுத்துவிட்டது: தோலைப் பற்றி நினைக்காமலே பறையைப் பாட முடிந்தது. புராணங்களை எழுத்துப்படி எடுத்துக்கொண்டு வினா எழுப்பிய சுயமரியாதை இயக்கத்தாரிடம், அவையெல்லாம் தத்துவம் என்று நம் முன்னோர் பலர் விடை கூறினர். கேட்டவர்கள் கேட்டது புராணத்தைப் பற்றி மட்டுமன்று. தத்துவம் என்னும் விடை, ஊரைப் பற்றிய வினாவைக் கேளாததுபோல் கடந்துவிட்டது. குறியீட்டின் உருவைக் காப்பாற்ற வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இலக்கியச் சுவை மட்டும் காரணமன்று. உரு நிலைத்திருந்தால்தான் அதனைச் செய்தவரின் கையும் முழக்கியவரின் கையும் நினைவில் நிற்கும். இன்று பறையாட்டத்தை மேடைகளிலும் கல்லூரிகளிலும் இளைஞர்கள் பெருமிதத்தோடு பயில்கின்றனர். ஆண்டாள் கேட்ட பொருளை அவர்கள் கையில் ஏந்தியிருக்கிறார்கள் என்று திருப்பாவை வகுப்புகளில் ஏன் சொல்லக் கூடாது?

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இச்சிக்கல் இன்னும் கடியது. நம் பிள்ளைகளில் பலர் திருப்பாவையைத் தேவநாகரியிலோ ஆங்கில எழுத்திலோ எழுதி வைத்துப் படிக்கிறார்கள். பாட்டின் கீழே பொருள் தரப்பட்டிருக்கும். இந்நிலையில் பொருள் அவர்களுக்குக் கிடைத்துவிடுகிறது. கிடைக்காமற் போவது சொல். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்த குழந்தை, பறை என்ற சொல்லை முதலில் ஒலியாகவும் கருவியாகவும் அறிந்து, பிறகு அதன் ஆழத்தை வாழ்நாள் முழுவதும் மெல்ல அறியும். நம் குழந்தைகளோ ஆழத்தை முதலில் மனப்பாடம் செய்துவிட்டு, சொல்லுக்கு வந்து சேராமலே நின்றுவிடுகின்றனர். அவசரப்பட்டுத் தத்துவத்தை ஊட்டும் பெற்றோர் அன்பினாலேயே அதைச் செய்கின்றனர். இன்னும் சில ஆண்டுகளில் பிள்ளை வெளிநாடு சென்றுவிடுவான், அதற்குள் சாரத்தையாவது கொடுத்துவிட வேண்டும் என்னும் தவிப்பு நமக்கும் தெரியாததன்று. ஆனால் சாரம் எங்கும் கிடைக்கும். உயிர் இறைவனைச் சேர விழைகிறது என்னும் கருத்தை எந்த மொழியிலும் எந்தச் சமயத்தின் நூலிலும் அவன் படித்துக்கொள்வான். முழங்கை வழியே நெய் வழிந்த பாற்சோற்றை அவனுக்கு வேறு எவரும் தரமாட்டார்கள்.

அந்தச் சிறுமியின் வினாவிற்கு என்ன விடை கூறியிருக்கலாம் என்று பல நாள் எண்ணிப் பார்த்தோம். அப்பா அலுவலகத்திலிருந்து திரும்பும்போது வாசலுக்கு ஓடிச்சென்று, எனக்கு என்ன வாங்கி வந்தாய் என்று கேட்கும் பிள்ளைக்கு மிட்டாய் வேண்டாமா, அப்பா வேண்டாமா என்று ஆசிரியையிடம் பிறகொரு நாள் சொன்னோம். அவர் சிரித்துக்கொண்டே, இரண்டும்தான் வேண்டும் என்றார்.

இவ்வாண்டு வகுப்பில் ஒரு மாறுதல் செய்யப்பட்டிருக்கிறது. முதல் பத்து நாள்களுக்கு உட்பொருள் எதுவும் சொல்வதில்லை. பாட்டும், சொற்பொருளும், சொல்லில் வரும் பொருள்களும் மட்டுமே. ஓர் அன்பர் தம் ஊரிலிருந்து ஒரு பறையையே வரவழைத்துக் கொடுத்தார். குளிரில் அதன் தோல் விறைத்து ஓசை எழவில்லை. நெருப்பில் காட்டிச் சூடேற்றினால்தான் முழங்கும் என்று அவர் சொல்ல, பிள்ளைகள் முற்றத்தில் சருகுகளைக் கூட்டித் தீ மூட்டினார்கள்.